கேட்கிற இடம்

சுரங்கக் கம்பெனி கொடுத்த எங்கள் குவார்ட்டர்ஸ் இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அக்கா. இப்போது அக்கா ரிட்டயர் ஆகிப் போய், அந்தப் பக்கம் வேறு குடும்பம் வந்துவிட்டது. அவர்கள் நல்லவர்கள்தான், டிவி சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.

அக்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் போட்டு எழுதினால், "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? எழுதறதுன்னா அவனைப் பத்தி எழுது" என்பார். அவன் என்றால் அல்லாஹ். அக்காவின் வாயில் 'அவன்' என்று வருகிற ஒரே ஆள் அவன்தான். மற்றபடி பால் ஊற்றுகிற பையனைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பையன் இதனாலேயே அக்கா வீட்டுக்கு மட்டும் பாலை ஒரு மிடறு கூட்டி ஊற்றுவான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முதல் ஷிஃப்ட் பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நின்று உறுமுவதற்கு முன்பே அக்கா எழுந்துவிடுவார். விடிகாலை சுபுஹு தொழுகையை முடித்துவிட்டு அதே பாயில் உட்கார்ந்து ஓத ஆரம்பிப்பார். ராகம் இழுப்பதெல்லாம் கிடையாது. வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி ஒரே சீராகப் போகும். விரல் கணுக்களில் எண்ணிக்கொள்வார். சாயங்காலம் ஸ்டோர்ஸ் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் மறுபடியும் ஒரு முறை. காய்ச்சல் வந்தாலும் உண்டு, வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் உண்டு. விருந்தாளியை உட்கார வைத்து டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "குடிச்சுக்கிட்டு இருங்க, வந்துடறேன்" என்று உள்ளே போய்விடுவார்.

குர்ஆனில் ஒரு சின்ன அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப ஓதுவார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டே 'குல்ஹுவல்லாஹு அஹத்' என்று நான் முணுமுணுக்க, பல் துலக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடி, மாறிட்டியா?"

"போங்க, பாட்டு மாதிரி வாயில வந்துடுச்சு."

அன்றைக்கே வேலியோரம் நின்று அக்காவிடம் அதற்கு அர்த்தம் கேட்டேன். துணி காயப்போட்டபடியே சொன்னார். "அவன் ஒருத்தன். யார்கிட்டயும் எந்தத் தேவையும் இல்லாதவன், எல்லாருக்கும் அவன்தான் தேவை. அவன் யாரையும் பெக்கல, யாரும் அவனைப் பெக்கல. அவனுக்கு ஈடு யாரும் கிடையாது. அவ்வளவுதான் செல்வி."

"அவ்ளோதானா? இதுக்கா தினம் இவ்ளோ நேரம்?"

"சொல்றதுக்கு நேரம் ஆகாது. மனசு கேக்கறதுக்குத்தான் நேரம் ஆகுது."

அக்காவின் கணவர் சுரங்கத்தில் பர்மனெண்ட். மஞ்சள் காமாலை வந்து, மகள் ரிஸ்வானா நடக்கப் பழகுகிற வயதில் போய்விட்டார். அந்த வேலைக்குப் பதிலாக அக்காவுக்கு ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. சேலைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை, தலையில் முக்காடு, அதன் மேல் ஹெல்மெட். இந்தக் கோலத்தில் அக்கா தன் பழைய ஸ்கூட்டியைக் கிளப்புவதைப் பார்க்க வேண்டும். 'பிஸ்மில்லாஹ்' என்று ஆரம்பித்து வாய் என்னவோ ஓதிக்கொண்டேயிருக்கும், கால் உதைத்துக்கொண்டேயிருக்கும்.

"ஏங்க்கா, இது பெட்ரோல்ல ஓடுதா, நீங்க ஓதறதுல ஓடுதா?" என்று கேட்டேன் ஒரு தடவை.

"பெட்ரோல் போட்டுட்டுத்தான் ஓதறேன்" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

ஸ்டோர்ஸில் ஆயுத பூஜைக்கு நடந்ததை என் வீட்டுக்காரர் வந்து சொல்வார். அவர் கன்வேயர் பிரிவு. உருளையும் பேரிங்கும் வாங்க ஸ்டோர்ஸுக்குப் போவார். பூஜைக்கு முந்தின நாள் ஷெல்ஃப், தராசு, தள்ளுவண்டி எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று வைப்பது அக்காதானாம். மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற நேரத்தில் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்வாராம். புதிதாக வந்த ஆபீசர் ஒருவர் சும்மா இருக்காமல், "எல்லா சாமியும் ஒண்ணுதானேம்மா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார்.

"எல்லாம் ஒண்ணுன்னு நான் சொல்லலைங்க சார். ஒருத்தன்தான் இருக்கான்னு சொல்றேன். ரெண்டும் வேறங்க. நீங்க கும்பிட்டுட்டு வாங்க, நான் இங்க நிக்கறேன், எனக்கு ஒண்ணும் கோவமில்ல."

ஆபீசருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூஜை முடிந்ததும் உள்ளே போய், சிந்திக் கிடந்த பொரியை முதல் ஆளாகப் பெருக்கினாராம். "அந்தம்மாவுக்கு பயமே கெடயாதுடி" என்று என் வீட்டுக்காரர் மெச்சிக்கொண்டார். பயமில்லாததற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? பயப்படுவதற்கும் ஒருவனையே வைத்திருந்தார், அதனால் மிச்சப் பேருக்குப் பங்கு வரவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிடித்தது. பிடிக்காதது ஒன்று இருந்தது. அக்கா யாரிடமும் எதையும் கேட்க மாட்டார்.

கறிவேப்பிலைகூடக் கேட்க மாட்டார். எங்கள் வீட்டு மரம் வேலி தாண்டி அவர்கள் பக்கம் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அக்கா அதைத் தொடாமல் பஜாருக்குப் போய் வாங்கி வருவார். கேஸ் தீர்ந்துபோனால் சுடுதண்ணி போடுகிற மின்சாரக் கெட்டிலில் முட்டை அவித்துச் சமாளிப்பார். ஒரு முறை மெயின் பஜார் பக்கத்தில் ஸ்கூட்டி பஞ்சராகி, சித்திரை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். எதிரே வந்த என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினால், "இல்லீங்க, பரவாயில்லீங்க, பக்கந்தான்" என்று அவரைத் தாண்டிப் போய்விட்டார். பக்கமாம்! நாலு பிளாக் தள்ளி.

கொடுப்பதற்கு மட்டும் கை முன்னால் வரும். நோன்பு மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்குக் கஞ்சி வந்துவிடும். என் மகன் கார்த்தி அந்த மாதத்தில் சாயங்காலம் வீட்டில் எதையும் சாப்பிடாமல் கஞ்சிக்காக வயிற்றைக் காலியாக வைத்திருப்பான். நான் பதிலுக்கு ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஆனால் கேட்க மாட்டார். வாங்குவது வேறு, கேட்பது வேறு. எனக்கு இது ஒரு குறையாகவே இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரு டம்ளர் சர்க்கரைகூட இரவல் கேட்காத ஒருத்தியை எப்படிச் சொந்தம் என்று நினைப்பது? இந்த மனுஷி என்னிடம் ஒரு தடவையாவது ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்பது என் வைராக்கியமாகவே ஆகிவிட்டது.

ஒரு முறை நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"கேக்கறதுக்குன்னு ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட கேட்டா போதும்" என்றார்.

அவருடைய சொந்தக்காரர்களோடும் இதில்தான் இழுபறி. ரிஸ்வானாவுக்குச் சின்ன வயதில் வீசிங் வரும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி இருக்கும். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த நாத்தனார் ஒரு தர்காவிலிருந்து தாயத்து வாங்கிவந்து குழந்தையின் கழுத்தில் கட்டிவிட்டார். நாத்தனார் ஊருக்குப் பஸ் ஏறியதும் அக்கா அதைக் கழற்றிப் பத்திரமாகப் பொட்டலம் கட்டி, அடுத்த முறை போனபோது திருப்பிக் கொடுத்துவிட்டார். "அங்க அடங்கியிருக்கறவரு நல்ல மனுஷர். அவர் யார்கிட்ட கேட்டாரோ, அங்கேயே நானும் நேரா கேட்டுக்கறேன் அண்ணி" என்றாராம். அண்ணி வெகுநாள் இந்தப் பக்கம் வரவில்லை.

இந்தக் கதை தெரியாமல் நான் வேறு போய் மாட்டிக்கொண்டேன். திருவதிகையில் என் பிறந்த வீட்டுத் தெரு அம்மன் கோயில் பூசாரியிடம் சொல்லி, கயிறு மந்திரித்து வாங்கி, பஸ்ஸில் கூட்டத்தில் கசங்கி, வியர்வையோடு கொண்டுபோய் நீட்டினேன்.

"வேணாம் செல்வி" என்றார் அக்கா. முகத்தில் சிரிப்பு மாறவில்லை, கையும் நீளவில்லை.

"ஒரு கயிறுதானக்கா. கட்டினா இன்னா கொறைஞ்சிடும்?"

"குறையும்" என்றார்.

எனக்கு ரொம்பக் கோபம் வந்துவிட்டது. ஆசை ஆசையாகக் கொண்டுபோனதை இப்படியா தட்டிவிடுவது? ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலிப்பக்கம் அவர் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன்.

அந்த வாரத்தில்தான் எங்கள் அரிசி அலமாரியின் மகிமை எனக்குத் தெரியவந்தது.

அந்தக் காலத்துக் குவார்ட்டர்ஸில் சுவரிலேயே அலமாரி வைத்திருப்பார்கள். எங்கள் சமையலறை அலமாரிக்கு முதுகோடு முதுகாக அக்கா வீட்டு அலமாரி. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய பலகைக்கல். அக்கா பாய் விரித்து உட்காருவது சரியாக அதற்கு முன்னால். ஓதுவது சுவர் வழியாகவே கேட்கும், அது அவருக்கும் தெரியும். ஓதி முடித்த பிறகு கையை ஏந்திக்கொண்டு அக்கா தமிழில் மெல்லக் கேட்கிற துஆ, நான் அரிசி எடுக்க அலமாரிக் கதவைத் திறந்தால், என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைப் போலக் கேட்கும். அது அவருக்குத் தெரியாது.

"யா அல்லாஹ், செல்விக்கு மனசு நோவாம பார்த்துக்க. நான் சொன்னது சரிதான். சொன்ன விதம் சரியில்ல. அந்தப் புள்ள பஸ்ல நசுங்கி வந்துச்சு. கார்த்திக்கு இந்த தடவையாவது கணக்குல மார்க் வரட்டும்."

உழக்கும் கையுமாக நின்றுவிட்டேன். என் பெயரையும் என் மகன் பெயரையும் வைத்து, இருட்டு பிரியாத நேரத்தில் ஒருத்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் கூடப்பிறந்தவர்கள்கூட எனக்காக இப்படிக் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் தினமும் அந்த நேரத்துக்குத்தான் அரிசி எடுத்தேன். ஒட்டுக் கேட்பது தப்பு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அரிசி டப்பாவை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. நான் கோயிலுக்குப் போனால் பெரிய பெரிய விஷயமாகத்தான் கேட்பேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் சாமியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்பார். தையல்காரர் பெருநாளைக்குள் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட வேண்டும். குழாயில் தண்ணீர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் கலந்து வராமல் இருக்க வேண்டும். ஸ்கூட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்க வேண்டும். மனிதர்களிடம் வாயே திறக்காத அக்கா அங்கே அவ்வளவு பேசினார்.

ஒரு ஆனி மாதத்தில், "புள்ள பலாப்பழத்துக்கு ஆசைப்படுது ரப்பே, பண்ருட்டிப் பக்கம் போக எனக்கு லீவு இல்ல" என்று கேட்டார். நான் அன்றைக்கே வீட்டுக்காரரை என் அண்ணன் தோட்டத்துக்கு விரட்டினேன். சாயங்காலம் பழத்தைக் கொண்டுபோய் அக்கா வீட்டு வாசலில் இறக்கினேன்.

"பார்த்தியா ரிஸ்வானா, அனுப்பிட்டான்!" என்றார் அக்கா. கண்ணெல்லாம் சிரிப்பு.

எனக்குச் சுருக்கென்றது. "அவன் எங்கக்கா அனுப்பினான்? எங்க அண்ணன் அறுத்து, இவரு வண்டியில வச்சிக் கட்டி, சட்டையெல்லாம் பால் ஒட்டிகினு வந்து நிக்கறாரு."

"அவரை யாரு அனுப்பினா?"

"நான்தான் அனுப்பினேன்."

"உன்னை?"

இதற்கு நான் உண்மையைச் சொல்ல முடியாது. அடுப்பில் பால் இருக்கிறது என்று கிளம்பி வந்துவிட்டேன். அதன் பிறகும் விடவில்லை. ரிஸ்வானாவுக்கு இயற்பியல் கைடு, மழைக்கு முன்னால் கூரை ஓட்டையை அடைக்கிற ஆள் என்று காதில் விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வருஷக்கணக்கில் நடந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று மேலே பார்ப்பார். நான் கீழே நின்றுகொண்டிருப்பேன்.

என் வாய் சும்மா இருந்திருந்தால் இன்னும் நடந்திருக்கும். ரிஸ்வானா பிளஸ் டூவுக்குப் போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலியோரம் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்: "நான் யார்கிட்டயும் வாய் திறந்து ஒண்ணு கேட்டதில்ல செல்வி. எல்லாம் தானா வருது."

"தானா இன்னா வருது? எங்க அரிசி அலமாரி வழியாத்தான் வருது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணி கிளிப்பை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாமே கேக்குமா?"

"கதவைத் தொறந்தா கேக்கும்."

"அப்ப இத்தனை வருஷமா நான் உன்கிட்டயா கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்தேன். அரிசி வாசனை மட்டும்தான் வந்தது. அக்கா பாயை முன் அறைக்கு மாற்றிவிட்டார். கோபம் இல்லை, பேச்சில் ஒரு குறைவும் இல்லை. அந்த வருஷமும் கஞ்சி வந்தது. ஆனால் எனக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. அந்த வீட்டில் என்ன குறை, என்ன தேவை என்று ஒன்றும் தெரியவில்லை. "நீ வாய வச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அதைச் சொல்ல ஒரு ஆள் வேறு.

தை பிறந்ததும் அக்காவின் ஸ்கூட்டி அடிக்கடி வீட்டிலேயே நின்றது. ஆள் மெலிந்திருந்தார். கேட்டால், "லீவு மிச்சம் இருக்கு, எடுக்கறேன்" என்றார். ரிஸ்வானாவைப் பிடித்து விசாரித்தேன். அந்தப் பெண் அம்மாவுக்கு மேல் அழுத்தம். "ஒண்ணுமில்ல ஆண்டி" என்று நழுவிவிட்டாள்.

மாசி மாதம், ஒரு மத்தியான வேளை. நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அக்கா நின்றார்.

"வாங்கக்கா, உக்காருங்க."

"உக்கார வரல. ஒண்ணு கேக்க வந்திருக்கேன்."

கையில் இருந்த புளியோடு அப்படியே நின்றேன். இத்தனை வருஷமாகக் காத்திருந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கர்ப்பப்பையில் கட்டி. பாண்டிச்சேரியில் ஆபரேஷன். எடுத்துச் சோதித்துப் பார்த்தால்தான் சாதாரணக் கட்டியா, கெட்ட கட்டியா என்று தெரியுமாம். தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த நாள், ரிஸ்வானாவின் முதல் பரீட்சை நாளாக அமைந்துவிட்டது.

"நாத்தனார் என்கூட ஆஸ்பத்திரியில இருக்கேன்னு சொல்லிட்டாங்க. பழசையெல்லாம் அவங்க மனசுல வச்சுக்கல. ரிஸ்வானாவை நெல்லிக்குப்பத்துல விடச் சொல்றாங்க, பரீட்சை இங்க இருக்கு. நீ அவளை உன் வீட்டுல வச்சுக்கணும்."

"இதுக்காக்கா..."

"இரு, முழுசா கேட்டுடறேன். பாதியில நிறுத்தினா மறுபடி வராது." முந்தானை முனையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நான் திரும்பி வரலைன்னாலும் அவ பரீட்சையை எழுதி முடிக்கணும். அழுவா. அழுதாலும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சுட்டு வரணும். என் சொந்தக்காரங்க பாவம் பார்த்து விட்டுடுவாங்க. நீ விட மாட்ட."

விட மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். பிறகு கேட்டேன்.

"நீங்கதான் மனுஷங்ககிட்ட கேக்க மாட்டீங்களே அக்கா. இன்னா ஆச்சு?"

"முன் ரூமுக்குப் போனப்புறமும் அதையேதான் ஓதிக்கிட்டு இருந்தேன். போன வாரம் ஒரு நாள் ஓதறப்ப, நடுவுல நாக்கு நின்னுடுச்சு. எந்தத் தேவையும் இல்லாதவன் அவன் ஒருத்தன்தான்னு தினமும் சொல்றேன். சொல்லிட்டு எழுந்து வந்து, எனக்கும் யாரும் தேவையில்லைன்னு வீறாப்பா சுத்திக்கிட்டு இருக்கேன். அது அவனோட இடம் செல்வி. அவனுக்கு ஈடு யாரும் இல்லைன்னு சொல்லிக்கிட்டே, நான் போயி அங்க உக்காரலாமா?"

எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை. ஆனால் அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரிந்தது. தாயத்துக்கும் கயிற்றுக்கும் இடம் கொடுக்காத மனுஷி. தன்னையே ஒரு தாயத்தாகக் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துக் கழற்றிப்போட்டுவிட்டு வந்திருக்கிறார். அதையும் யாரும் சொல்லாமல், தான் ஓதியதிலிருந்தே கண்டுபிடித்து.

பிறகு மளமளவென்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு தடவை கதவு திறந்துகொண்டால் அப்படித்தான் போலிருக்கிறது. ரிஸ்வானாவை சுபுஹுக்கு எழுப்பிவிட வேண்டும். ஓதாமல் பரீட்சைக்குப் போகக் கூடாது. எங்கள் சமையல் எதுவும் சாப்பிடுவாள், சாமிக்குப் படைத்தது மட்டும் வேண்டாம். "வெள்ளிக்கிழமை படைக்கறதுக்கு முன்னாடியே அவளுக்கு எடுத்து வச்சிடறேங்க்கா" என்றேன். அதுவே போதும் என்றார்.

ரிஸ்வானா பையும் புத்தகமுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன் அறையில், அவள் முகம் திருப்பித் தொழ வேண்டிய மேற்குச் சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது. அதைக் கழற்றி எங்கள் படுக்கையறையில் மாட்டினேன். பரீட்சைக் காலம் என்று முருகனுக்கும் தெரியும், கோவித்துக்கொள்ள மாட்டார். கார்த்தியைச் சமையலறையில் படுக்கச் சொன்னேன். அவன் மட்டும் கொஞ்சம் முனகினான்.

பரீட்சை நாள் காலையில் நான் போய் எழுப்புவதற்கு முன்பே அவள் விழித்திருந்தாள். தூங்கினாளா என்றே தெரியவில்லை. தொழுதாள். அம்மா மாதிரியே விரல் கணுவில் எண்ணி எண்ணி ஓதினாள். குரல்கூட அப்படியே இருந்தது. நான் அடுப்பில் இட்லிப் பானையை வைத்துவிட்டு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓதி முடித்ததும் கையை ஏந்தினாள். ஏந்திய கை அப்படியே நின்றது. தோள் குலுங்க ஆரம்பித்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உங்கம்மா ஓதி முடிச்சதும் தமிழ்ல கேப்பாங்களே. நீயும் கேளும்மா."

"என்ன கேக்கறதுன்னே தெரியல ஆண்டி. வாயைத் திறந்தா அழுகைதான் வருது." கையை இறக்காமல் என்னைப் பார்த்தாள். "நீங்க கேளுங்க. நான் ஆமீன் சொல்றேன்."

நானா? நான் எந்தச் சாமியிடமும் வெறுங்கையோடு கேட்டதில்லை. பால்குடம் எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன் என்று ஏதாவது ஒன்று பேசி முடித்துக்கொண்டுதான் கேட்பேன். இங்கே என்ன கொடுப்பதாகச் சொல்வது? அவனுக்குத்தான் எதுவும் தேவையில்லையே. அந்தப் பெண் ஏந்திய கையை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிச்சேரியில் இந்நேரம் அக்காவைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். நானும் கையை ஏந்தினேன்.

"இவ அம்மாவ படைச்சது யாரோ, உன்கிட்டதான் கேக்கறேன். உன்னை நீன்னு சொல்றேன், அவங்க அப்படித்தான் சொல்வாங்க. இன்னிக்கு அறுக்கப் போறாங்க. கத்தி புடிக்கற டாக்டரம்மா கை நிதானமா இருக்கட்டும்."

"ஆமீன்" என்றாள் ரிஸ்வானா.

"கட்டி கெட்ட கட்டியா இருக்க வேணாம்."

"ஆமீன்."

"இந்தப் புள்ளைக்கு அவங்கள வுட்டா யாரும் இல்ல. எனக்கும் பக்கத்து வூட்டுல அவங்கதான் வேணும். வேற யாரும் வேணாம். முழுசா திருப்பி அனுப்பு. நான் உனக்குன்னு ஒண்ணும் எடுத்துகினு வரல. கேக்க மட்டும்தான் வந்தேன்."

ஆமீன் என்று சொல்ல முடியாமல் அவள் என் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டாள். நான்தான் அதையும் சொன்னேன். பிறகு இட்லி கருகுகிற வாசனை வந்தது, எழுந்து ஓடினேன்.

கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட கேட்டுக்குள் அவள் தலை மறைகிற வரைக்கும் நின்றேன். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் போன் செய்தார். ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்துவிட்டார், உதடு அசைகிறது, என்னவோ ஓதுகிறார் என்றார். சோதனை முடிவு வர அதற்குப் பிறகும் பல நாள் ஆனது. சாதாரணக் கட்டிதான்.

அக்கா வீடு திரும்பியபோது ரிஸ்வானாவுக்கு இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. கட்டிலில் படுத்தபடி மகள் வாயால் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் ரசம் எடுத்துக்கொண்டு போனதும் முதல் விசாரணை இதுதான்.

"எனக்காக துஆ கேட்டியாமே. யார் பேரைச் சொல்லிக் கேட்ட?"

"பேரெல்லாம் சொல்லலக்கா. உங்கள யாரு படைச்சாங்களோ அவங்ககிட்டன்னு கேட்டேன்."

அக்கா கண்ணை மூடி யோசித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் மாதிரி இருந்தது முகம்.

"அப்ப சரியான இடத்துலதான் கேட்டிருக்க."

"எதுக்கும் இருக்கட்டும்னு எங்க அம்மன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சேன்" என்றேன். மறைத்து வைக்க என்ன இருக்கிறது?

"அடிப்பாவி, சிரிக்க வைக்காத. தையல் பிரிஞ்சிடும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து படுக்கப் பார்த்தார், முடியவில்லை.

"செல்வி, இந்தத் தலகாணியக் கொஞ்சம் தூக்கி வை. ரசத்துல உப்பு போதாது, எடுத்துட்டு வா. அப்படியே உங்க மரத்துல நாலு கறிவேப்பிலை கிள்ளிக்கிட்டு வந்துடு, சாயங்காலம் ரிஸ்வானா குழம்பு வைக்கணும்."

ஒரே மூச்சில் மூன்றைக் கேட்டார். கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கேட்டார். நான் தலையணையைத் தூக்கி வைத்துவிட்டு உப்பு எடுக்கப் போனேன்.